வழுக்கினால்தான் விளையாட்டு
பனி விளையாட்டுக் கைவேலைகள்: வாசகர் கேள்விகள், பதில்கள்

அரையாண்டு விடுமுறையில் மூன்று முதல் ஏழு வயதுவரை உள்ள குழந்தைகள் செய்யக்கூடிய பனி விளையாட்டுக் கைவேலைகள் குறித்துச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அளவுகள் எல்லாம் சென்டிமீட்டரில். கத்தி, ஊசி, அடுப்பு எங்கே வந்தாலும் அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

என் பேத்திக்கு நான்கு வயது. பள்ளியில் ‘வின்டர் ஸ்போர்ட்ஸ்’ என்று ஏதாவது செய்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். பனியையே பார்க்காத பிள்ளைக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? சார்ட்டில் பஞ்சை ஒட்டிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு தாத்தா, மயிலாப்பூர்

பஞ்சு ஒட்டினால் படம் கிடைக்கும், விளையாட்டு கிடைக்காது. பனிச்சறுக்கு, ஐஸ் ஹாக்கி, லூஜ் (சிறு சறுக்கு வண்டியில் படுத்தபடி போவது), கர்லிங் (பனியில் கல்லைச் சறுக்கவிடுவது) எல்லாவற்றுக்கும் பொதுவானது வழுக்கல்தான். அதனால் பேத்தி செய்கிற பொருள் எதுவானாலும் அது வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடினால் மற்றதெல்லாம் அவளுக்குத் தானாகப் புரியும்.

பாக்கு மட்டையிலோ பனை மட்டையிலோ ஒரு பிள்ளை உட்கார, இன்னொரு பிள்ளை இழுத்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதையே சிறிதாகச் செய்யுங்கள். விருந்துகளில் வைக்கிற 15 செ.மீ. பாக்கு மட்டைத் தட்டு ஒன்று போதும். அதைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்த மட்டையில் துளை போட்டால் நார் ஓடும் திசையில் அப்படியே பிளந்துவிடும். ஊறிய பிறகு, நார் ஓடும் திசையின் ஒரு முனையில், விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே தள்ளி, 4 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் போட்டு, 60 செ.மீ. உல்லன் நூலைக் கோர்த்து முடியுங்கள். தட்டு நன்றாக உலர்ந்ததும் அடிப்பக்கத்தில் மெழுகுவர்த்தித் துண்டைப் பேத்தியே அழுத்தித் தேய்த்து, பிறகு பழைய துணியால் பளபளவென்று துடைக்கட்டும். பனிச்சறுக்கு வீரர்கள் காலில் பூட்டும் நீளப் பட்டைகளான நிஜ ஸ்கீகளின் அடியிலும் மெழுகு பூசித்தான் ஓட்டுகிறார்கள். தட்டில் ஒரு பொம்மையை மல்லாக்கப் படுக்கவைத்து, கால் முன்னே வரும்படி கட்டினால் அது லூஜ். குப்புறப் படுக்கவைத்து, தலை முன்னே வந்தால் ஸ்கெலிட்டன்.

கதை கேட்டால் சிவ கேசவனைப் பற்றிச் சொல்லுங்கள். இமாச்சலப் பிரதேசத்தில், மணாலிக்கு அருகே உள்ள வசிஷ்ட் ஊர்க்காரர். 1998இல் ஜப்பானின் நாகானோவில் தொடங்கி 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங் வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் லூஜ் ஓட்டியவர். பயிற்சி எடுக்கப் பனித்தடம் கிடைக்காத நாட்களில் வண்டியின் அடியில் சக்கரம் பூட்டி மலைச்சாலையில் ஓட்டினார். நான்கு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே பிடிக்கும்.

ஐஸ் குச்சியில் பனிச்சறுக்கு வீரர் செய்தோம். நிற்கவைத்தால் முன்பக்கம் குப்புற விழுகிறார். சரிவில் விட்டால் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறார். எங்கே தப்பு?
– இரு குழந்தைகளின் தாய், பெரம்பூர்

விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் தலைதான். தலைக்குத் தனியாக ஒரு உருண்டையை ஒட்டி, அதற்கு உல்லன் தொப்பியும் போட்டால் எடை முழுவதும் மேலே ஏறிவிடுகிறது. திரும்புவதற்குக் காரணம் இரண்டு ஸ்கீகளும் இணையாக இல்லாதது. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யும் முறை இது.

ஸ்கீக்குப் பெரிய ஐஸ் குச்சிகள் இரண்டு (15 செ.மீ. நீளம், 1.8 செ.மீ. அகலம்). உடம்புக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, 10 செ.மீ. உயரம், 14 செ.மீ. நீளம். இதைச் சுருட்டி 1.4 செ.மீ. மேலே ஏற்றி ஒட்டினால் 4 செ.மீ. விட்டமுள்ள குழல் வரும். முகத்தைத் தனியாகச் செய்ய வேண்டாம். குழலின் மேல் பகுதியிலேயே கண், மூக்கு, பனிக்கண்ணாடி எல்லாவற்றையும் குழந்தை வரையட்டும். அட்டையைச் சுருட்டுவதற்கு முன்பே வரைந்துவிட வேண்டும். சுருட்டிய பிறகு வரையச் சொன்னால் பென்சிலை அழுத்தி அழுத்தியே குழலை நசுக்கிவிடுவார்கள்.

அடுத்தது, பலரும் விட்டுவிடுகிற பகுதியான பாதத்தட்டு. 5 செ.மீ. சதுரமாகக் கொரியர் அட்டை ஒன்றை வெட்டுங்கள். இரண்டு ஸ்கீகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவே சாதாரண ஐஸ் குச்சி ஒன்றைப் படுக்கவையுங்கள். அதன் அகலம் 1 செ.மீ. என்பதால் ஸ்கீகளுக்கு இடையே முன்னும் பின்னும் ஒரே இடைவெளி வரும். இப்போது பாதத்தட்டை இரண்டு ஸ்கீகள் மேலும் ஒட்டுங்கள். நடுக்குச்சியில் பசை படக் கூடாது. அரைமணி நேரம் கழித்து அதை உருவிவிடலாம். பாதத்தட்டின் மையம் ஸ்கீயின் சரிபாதியில் அல்லாமல் 1 செ.மீ. பின்னால் இருக்கட்டும். மலைச்சரிவில் ஓட்டும் நிஜ ஸ்கீகளிலும் காலணி பூட்டும் இடம் பெரும்பாலும் பாதிக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கும். குழலை ஒட்டுவதற்கு முன் அதன் அடியில் சிறு நெல்லிக்காய் அளவு களிமண்ணை அழுத்திவையுங்கள். இனி விழ மாட்டார்.

ஃபெவிகாலை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். கெட்டியாக ஊற்றினால் சீக்கிரம் பிடிக்கும் என்று நினைப்பது தவறு. நடுப்பசை உலராமல் ஈரமாகவே கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறிய குச்சி வளைந்தும் போகும். ஒட்டிய இடத்தின் மேல் ஒரு பாலிதீன் தாளைப் போட்டு, அதன் மேல் கனமான புத்தகத்தை வையுங்கள். மழை நாட்களில் இரவு முழுவதும் அப்படியே இருக்கட்டும்.

ஸ்கீயின் முனை மேல்நோக்கி வளைந்திருந்தால் அழகு, ஓட்டத்துக்கும் நல்லது. தளத்தில் சிறு மேடு இருந்தாலும் தட்டாது. ஒட்டும் வேலைக்கு முந்தைய நாளே குச்சிகளைக் கொதிக்கும் தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு எடுத்து, முனையை மெதுவாக வளைத்து, ஒரு காபி டம்ளருக்குள் செருகி அடுத்த நாள் வரை விட்டுவிடுங்கள். சில குச்சி முறியத்தான் செய்யும். மரத்தின் ரேகை நீளவாக்கில் நேராக ஓடும் குச்சியைப் பொறுக்கி எடுத்தால் முறிவது குறையும். ரேகை சாய்ந்து ஓடும் குச்சி எவ்வளவு ஊறவைத்தாலும் முறியும்.

கையில் பிடிக்கும் கோலுக்குப் பல்குச்சி வேண்டாம், குத்தும். காகிதத் தண்டுள்ள காதுக்குச்சிதான் சரி. ஒரு முனைப் பஞ்சைப் பிய்த்துவிட்டு, மற்ற முனை கீழே வரும்படி கைகளில் செருகுங்கள். கைகளுக்கு 12 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் ஒரே அட்டைப் பட்டை. அதை முதுகுப்பக்கம் ஒட்டி, இரு முனைகளையும் முன்னே மடக்கி, பஞ்சிங் மெஷினில் முனைக்கொரு ஓட்டை போட்டால் கோல் நிற்கும்.

ஓட்டிப் பார்க்க 1 மீட்டர் நீளப் பலகை அல்லது பழைய ஒயிட் போர்டு போதும். ஒரு முனையை 35 முதல் 40 செ.மீ. உயர்த்துங்கள். கொரியர் அட்டையில் சரிவு செய்தால் மேலே பிரவுன் டேப்பை நீளவாக்கில் ஒட்டுங்கள். குறுக்கே ஒட்டினால் ஒவ்வொரு டேப்பின் விளிம்பிலும் ஸ்கீ தட்டி நிற்கும். ஸ்கீயின் அடியில் பெயின்ட் வேண்டாம், மெழுகு மட்டும்.

எல்.கே.ஜி. வகுப்பில் 30 பிள்ளைகள். 40 நிமிட வகுப்பு. இதே சறுக்கு வீரரை எல்லாரையும் செய்யவைக்க முடியுமா? பொருள் எவ்வளவு வாங்க வேண்டும்?
– மழலையர் பள்ளி ஆசிரியை, வேளச்சேரி

ஒரே வகுப்பில் முடியாது, இரண்டு நாட்களாகப் பிரியுங்கள். வரைவதும் வண்ணம் தீட்டுவதும் முதல் நாள், ஒட்டுவது இரண்டாம் நாள். வண்ணம் உலராத அட்டையைச் சுருட்டினால் கை, சட்டை, மேசை எல்லாம் நிறமாகும், பசையும் பிடிக்காது. இந்த வயதுக்கு வாட்டர் கலரைவிடக் கிரேயான் நல்லது.

பெரிய ஐஸ் குச்சி ஆளுக்கு 2 வீதம் 60. முறிவதற்கும் தொலைவதற்கும் சேர்த்து 70 வாங்குங்கள். உடம்புக்கு முழு சார்ட் ஒன்று 71 × 56 செ.மீ. இருக்கும். அதில் 14 செ.மீ. பக்கத்தைச் சார்ட்டின் குறுகிய பக்கத்தோடு சேர்த்து வரைந்தால் 28 துண்டுகள் கிடைக்கும், திருப்பிப் போட்டால் 25தான். எப்படியானாலும் இரண்டு சார்ட் வாங்கிவிடுங்கள். மீதம் கைப்பட்டைகளுக்கு ஆகும். பசை ஆளுக்கு ஒரு டீஸ்பூன் கணக்கில் 200 கிராம் பாட்டில் ஒன்று போதும். பாட்டிலைச் சுற்றி அனுப்பாமல் ஆளுக்கொரு மூடியில் ஊற்றி, காதுக்குச்சியால் தொட்டுத் தடவச் சொல்லுங்கள். பாதத்தட்டை ஸ்கீயில் ஒட்டும் வேலையை நீங்களும் ஆயாம்மாவும் முதல் நாள் மாலையே முடித்துவைத்துவிடுங்கள். குழலைப் பாதத்தட்டில் ஒட்டுவது பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். பெயரைப் பாதத்தட்டின் அடியில் எழுதுங்கள். உடம்பில் எழுதினால் அதன் மேலேயே கிரேயான் பூசிவிடுவார்கள்.

மொத்தமாக வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவே வசதி. காகிதக் கடைகள் வரிசையாக இருப்பதால் தொட்டுப் பார்த்து, தடிமன் பார்த்து வாங்கலாம்.

பனிக்கு எதைப் பயன்படுத்துவது? தெர்மாகோலா, உப்பா, பஞ்சா?
– வாசகி, குரோம்பேட்டை

தெர்மாகோலை விட்டுவிடுங்கள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் அலங்காரத் தெர்மாகோலும் உண்டு. பிளாஸ்டிக் ஐஸ் குச்சி, பிளாஸ்டிக் ஸ்ட்ரா, பிளாஸ்டிக் தண்டுள்ள காதுக்குச்சி ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்க, உதிர்ந்த தெர்மாகோல் மணியைச் சின்னப் பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.

உப்பு வட இந்தியக் குளிருக்குச் சரி, நம் ஊருக்கு ஆகாது. காற்றின் ஈரத்தை இழுத்து நீர்த்து, நான்கே நாளில் சார்ட் முழுவதும் கறையாகும். அரிசி மாவும் ரவையும் பார்க்க அழகுதான், ஆனால் எறும்பு வரிசை கட்டிவிடும். கோலப்பொடி கல்லை அரைத்த தூள் என்பதால் சின்னப் பிள்ளைகள் ஊதி விளையாடினால் கண்ணில் விழும். பனிப்பந்துக்குப் பாச்சை உருண்டையை எடுப்பது மட்டும் கூடவே கூடாது. அது நாஃப்தலீன். விழுங்கினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். ஜி6பிடி என்ற நொதியில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மிஞ்சுவது பஞ்சு. பசையைத் தாளில் தடவிவிட்டு, பஞ்சை நன்றாகப் பிரித்து மேலே லேசாக வைத்தால் போதும். பஞ்சைப் பசையில் தோய்த்தால் காய்ந்து கல்லாகிச் சாம்பல் நிறமாகிவிடும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட, வாயில் வைக்காத பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஷேவிங் ஃபோமும் ஃபெவிகாலும் சம அளவு கலந்து, தட்டாமல் மெதுவாகக் கிளறிப் பூசினால் உப்பலாகவே காயும். உலர ஒரு முழு நாள் ஆகும்.

கர்லிங் விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்த மகன் அதைச் செய்யச் சொல்கிறான். ஆறு வயது. வீட்டுத் தரையில் விளையாட முடியுமா?
– தந்தை, அண்ணா நகர்

சென்னை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பனி விளையாட்டு கிடையாது. வழுவழுப்பான டைல்ஸ் தரை ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் நிஜ விளையாட்டு. கல் கிரானைட்டால் ஆனது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய அய்ல்சா கிரெய்க் என்ற சிறு தீவின் கல்லுக்குத்தான் பேர். எடை 17.24 முதல் 19.96 கிலோ வரை, அதாவது வீட்டுக் காஸ் சிலிண்டருக்குள் நிரப்பும் 14.2 கிலோ காஸைவிடவும் கனம். ஒரு அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். எதிர்முனையில் வட்டங்கள் வரைந்த இலக்கை ‘வீடு’ என்பார்கள். வெளி வட்டத்தின் விட்டம் 12 அடி, அடுத்தது 8, அதற்குள் 4. மூன்றும் 3:2:1 என்ற விகிதத்தில் இருப்பதால் வீட்டுப் பாத்திரங்களிலேயே அளவு கிடைக்கும். 30 செ.மீ. சாப்பாட்டுத் தட்டு, 20 செ.மீ. டிபன் தட்டு, 10 செ.மீ. வாயுள்ள டபரா. மூன்றையும் சார்ட்டில் ஒரே மையத்தில் கவிழ்த்து மகனே கோடு போடட்டும். மையம் பிசகாமலிருக்கச் சார்ட்டில் முதலில் ஒரு கூட்டல் குறி போட்டு, தட்டின் விளிம்பு நான்கு கைகளையும் சம தூரத்தில் தொடுகிறதா என்று ஸ்கேலில் பாருங்கள். வெளியே நீலம், நடுவே வெள்ளை, உள்ளே சிவப்பு.

கல்லுக்குத் தண்ணீர் பாட்டில் மூடிகள் எட்டு, நிறத்துக்கு நான்கு. வெறும் மூடி எடையில்லாததால் தட்டினால் பறக்கும் அல்லது பாதியிலேயே நிற்கும். உள்ளே களிமண் நிரப்ப வேண்டும். காயும்போது களிமண் சுருங்கிக் கழன்றுவிடும் என்பதால் முதலில் மூடியின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு ஃபெவிகால் விட்டு, அப்புறம் களிமண்ணை அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே 3 செ.மீ. ஐஸ் குச்சித் துண்டைக் கைப்பிடியாகச் செருகுங்கள். வெட்டிய முனையில் சிராய் இல்லாமல் உப்புத்தாள் போட வேண்டும். நிழலில் இரண்டு நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். மூடியின் மூடிய பக்கம் தரையில் படும்படி விளையாட வேண்டும்.

சார்ட்டைத் தரையில் ஒட்டினால் அதன் விளிம்பில் மூடி தட்டும். விளிம்பு முழுவதும் டேப் போட்டு வழவழப்பாக்குங்கள். டைல்ஸ் இணைப்புக் கோடுகளும் மூடியைத் திசைதிருப்பும். கோடு பள்ளமாக இருந்தால், தரையைவிட டைனிங் டேபிளே நல்லது. கேரம் போர்டு இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் கேரம் பவுடரைச் சின்னப் பிள்ளைகள் கைக்குக் கொடுக்காதீர்கள். பல பவுடர்களில் போரிக் அமிலம் இருக்கும், வாய்க்குள் போனால் நஞ்சு. ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளார் அதே வேலையைச் செய்யும். விளையாட்டு முடிந்ததும் தரையைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வழுக்குவது பெரியவர்கள்.

நிஜத்தில் கல்லுக்கு முன்னால் ஓடி ஓடிப் பிரஷ்ஷால் தேய்ப்பது, பனியின் மேல்பரப்பைச் சற்றே சூடாக்கி உராய்வைக் குறைக்கத்தான். தேய்த்தால் கல் அதிக தூரம் போகும், வளைவதும் குறையும். டைல்ஸில் தேய்த்தால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷைக் கையில் கொடுங்கள். கார்ன்ஃப்ளாரை மூடிக்கு முன்னால் பரப்பினால் அதற்கும் ஒரு பயன் வரும்.

புள்ளிக்கணக்கு ஆறு வயதுக்கு ஏற்ற கணக்குப் பாடம். எல்லாக் கல்லும் விட்டு முடிந்த பிறகு, மையத்துக்கு மிக அருகில் எந்த நிறம் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிடவும் நெருக்கமாக அந்த நிறத்தில், வீட்டுக்குள் எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை புள்ளி. இதை ஒரு முறை கையால் காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். வாயால் விளக்கினால் குழம்புவார்கள்.

காகிதத்தை மடித்து வெட்டிப் பனிப்பூ செய்தால் எட்டு முனை வருகிறது. சில நேரம் துண்டு துண்டாக உதிர்கிறது.
– வாசகி, அம்பத்தூர்

பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று மடித்தால் எட்டுதான் வரும். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அமைப்பில் அடுக்குவதால் நிஜப் பனிப்பூவுக்கு ஆறு கைகள். 20 செ.மீ. சதுரத் தாளை மூலைவிட்டமாக முக்கோணமாக்குங்கள். மடிப்பின் நடுப்புள்ளியைக் குறித்து, அதிலிருந்து வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை மேலே மடியுங்கள், இடப்பக்கத்தை அதன் மேல் மடியுங்கள். இரண்டு விளிம்பும் சரியாகப் பொருந்தினால் கோணம் 60 டிகிரி. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களை நேராக வெட்டிவிடுங்கள். இப்போது ஆறு அடுக்கு இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் கத்தரி இதோடு நின்றுகொள்ளட்டும். பெரியவர்கள் இன்னொரு முறை பாதியாக மடித்தால் 12 அடுக்கு, கைகள் இன்னும் சீராக வரும். சார்ட் வேண்டாம், காற்றாடிப் பேப்பர் எடுங்கள். உதிர்வதற்குக் காரணம் ஒரு மடிப்பிலிருந்து எதிர் மடிப்புவரை கத்தரி ஓடிவிடுவது. எந்த வெட்டும் பாதி அகலத்தைத் தாண்டக் கூடாது.

கத்தரி பிடிக்க முடியாத சிறுசுகளுக்குக் கோலமே போதும். 7 புள்ளி, இடைப்புள்ளி, 4இல் நிறுத்தம். கறுப்பு சார்ட்டில் 37 புள்ளிகளை நீங்கள் வைத்துக்கொடுங்கள். நடு வரிசையின் நாலாவது புள்ளிதான் மையம். அங்கிருந்து ஆறு மூலைகளுக்கும் வெள்ளைக் கிரேயானால் கோடு இழுத்தால் பனிப்பூவின் எலும்புக்கூடு தயார். மார்கழியில் பாட்டியோ அத்தையோ வாசலில் போடுகிற அதே கணக்கு என்பதால் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

நிஜ ஐஸில் ஹாக்கி விளையாட வைக்க வீட்டிலேயே வழி உண்டா?
– வாசகர், திருவல்லிக்கேணி

உண்டு. உங்கள் பகுதியில் ஐஸ் ஹவுஸ் என்று எல்லாரும் சொல்லும் விவேகானந்தர் இல்லம், அமெரிக்க வணிகர் ஃபிரடெரிக் டியூடர் கப்பலில் கொண்டுவந்த ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடம். ஃபிரிட்ஜ் இல்லாத அந்தக் காலத்தில் கட்டி கரையாமலிருக்க மரத்தூள் போட்டு அடுக்கினார்கள். உங்களுக்கு மரத்தூளுக்குப் பதில் மடித்த சாக்கு, அதன் மேல் துண்டு போதும்.

30 × 20 செ.மீ. ஸ்டீல் டிரேயை ஃபிரீசரில் மட்டமாக வையுங்கள். சாய்ந்தால் அடியில் காகிதம் மடித்து முட்டுக் கொடுங்கள். 450 மி.லி. தண்ணீர் ஊற்றி, முழுவதும் உறையும்வரை விடுங்கள். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால் நடுவில் மேடு வரும். ஒரே தடவையில் 600 மி.லி.யும் ஊற்றினால் இந்த மேட்டில் பக் (ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் வட்டு) நிற்காமல் ஓரத்துக்கே ஓடும். அதனால்தான் இரண்டு தடவை. முதல் அடுக்கு உறைந்ததும், ஈரப்படுத்திய சிவப்பு உல்லன் நூலை நடுவே குறுக்காகவும், அதற்கு இருபுறமும் நீல நூலை ஒவ்வொன்றாகவும் அழுத்துங்கள், உடனே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஃபிரிட்ஜில் குளிர்ந்த 150 மி.லி. தண்ணீரை மெதுவாக ஊற்றி மறுபடி உறையவிடுங்கள். உண்மையான மைதானத்திலும் நடுவே ஒரு சிவப்புக் கோடு, இருபுறமும் நீலக் கோடுகள், எல்லாம் பனிக்கு அடியில்தான்.

நிஜ பக் 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன் உள்ள ரப்பர் வட்டு. பாட்டில் மூடிக்கும் ஏறக்குறைய அதே விகிதம். போட்டிக்கு முன் பக்கை உறையவைப்பார்கள், குளிர்ந்தால் துள்ளாது. மூடியையும் ஃபிரீசரில் போடுங்கள், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு குஷி. மட்டைக்கு ஒரு ஐஸ் குச்சியின் முனையில் 4 செ.மீ. துண்டைச் சாய்வாக ஒட்டுங்கள். ஒட்டும் பரப்பு சிறியது என்பதால் பசை மட்டும் நிற்காது. காய்ந்த பிறகு தையல் நூலால் எட்டுப் போல் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, மேலே இன்னொரு பூச்சு பசை கொடுங்கள்.

ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன் ஈரக் கையால் டிரேயைத் தொடவோ நாக்கை வைக்கவோ விடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடம் வெளியே இருக்கட்டும். அப்போது மேலே லேசான நீர்ப்படலம் வந்து பக் இன்னும் நன்றாக ஓடும்.

அக்கா செய்வதை எல்லாம் இரண்டு வயதுத் தம்பி வாயில் போடுகிறான். என்ன செய்வது?
– தாய், தாம்பரம்

3.17 செ.மீ. விட்டமுள்ள குழலுக்குள் முழுவதுமாக அடங்கும் பொருள் எதையும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது என்பது பொம்மைப் பாதுகாப்பு விதி. தண்ணீர் பாட்டில் மூடி அதற்குள் போய்விடும். தம்பிக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைக் கல்லாகக் கொடுத்து, அக்காவின் மூடிகளை எண்ணி டப்பாவில் வையுங்கள்.

மூடியில் பூசிய போஸ்டர் கலர் உரிந்து வருகிறது. ஃபெவிக்விக் போட்டால் ஒட்டுமா?
– வாசகி, போரூர்

ஃபெவிக்விக் வேண்டாம். பிள்ளைகளின் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். போஸ்டர் கலர் வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பிடிக்காது. மேல்பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஒரு டீஸ்பூன் வண்ணத்துக்குக் கால் டீஸ்பூன் ஃபெவிகால் கலந்து பூசுங்கள். அக்ரிலிக் பெயின்ட் இருந்தால் இந்தச் சிரமமே இல்லை.

காந்தத்தால் சுழலும் ஸ்கேட்டிங் பொம்மை செய்யலாமா?
– வாசகர், நங்கநல்லூர்

ஆறு வயதுக்கு மேல் செய்யலாம். 8 செ.மீ. காகிதப் பொம்மையின் அடியை 1 செ.மீ. மடக்கி, அதில் ஜெம் கிளிப் மாட்டுங்கள். காகிதத் தட்டின் அடியிலிருந்து காந்தத்தை நகர்த்தினால் பொம்மை சுற்றும். ஸ்டீல் தட்டு வேண்டாம்; பல ஸ்டீல் தட்டுகள் காந்தத்தைத் தாங்களே இழுத்துக்கொள்ளும், பொம்மைக்கு விசை போகாது. காந்தம் பெரிய வளையமாக, ஐஸ் குச்சியில் இறுக ஒட்டியதாக இருக்கட்டும். சின்னச் சின்னக் காந்த உருண்டைகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மைதாவும் உப்பும் பிசைந்து செய்த பனிமனிதன் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. எப்படிப் பத்திரப்படுத்துவது?
– வாசகி, ராயபுரம்

கடலோரக் காற்றில் உப்பு மாவு காய்ந்தாலும் மறுபடி ஈரம் இழுக்கும். உருவம் 1 செ.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் உள்பகுதி காயவே காயாது, பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும். அடுத்த முறை முழு உருண்டையாகச் செய்யாமல் தட்டையாக, அரை செ.மீ. தடிமனில் வெட்டுங்கள். இரண்டு நாள் ஃபேன் அடியில், பக்கம் மாற்றி மாற்றிக் காயவைத்து, முழுவதும் உலர்ந்ததும் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். அதற்கும் நேரமில்லையென்றால் மைதாவை விட்டுவிட்டுக் களிமண்ணில் செய்து வெள்ளை அடியுங்கள்.